கேள்வி-பதில்: மேசன்களின் நைட் டெம்ப்ளர் ஆர்டர்

கேள்வி: ஃப்ரீமேசன்கள் (மேசன்கள்) எனும் சகோதரச் சங்கத்தினரிடையே ‘நைட் டெம்ப்ளர்’ என்றொரு பிரிவு இருக்கிறதே, அது சிலுவைப்போர் காலத்து டெம்ப்ளர்களின் நேரடி வாரிசா?

பதில்: இல்லை. ஹ்யூக் டி பாயன் 1119 வாக்கில் ஜெருசலேமில் தொடங்கிய டெம்ப்ளர் எனும் துறவி-வீரர் சபையினரை, பிரான்ஸ் மன்னர் நான்காம் பிலிப் 1307 அக்டோபர் 13 அன்று நாடெங்கும் ஒரே நேரத்தில் கைது செய்ய வைத்தார். 1312இல் போப் ஐந்தாம் கிளமென்ட் சபையைக் கலைத்தார். 1314இல் அதன் கடைசித் தலைவர் ஜாக் டி மோலே எரித்துக் கொல்லப்பட்டார். மேசன்களின் முதல் கிராண்ட் லாட்ஜ் (லாட்ஜ் எனும் கிளைகளின் தலைமை அமைப்பு) லண்டனில் உருவானதோ 1717இல். நடுவே நானூறு ஆண்டு இடைவெளி. அதைக் கடந்து வரும் நம்பத்தகுந்த ஆவணம் ஒன்றுகூட இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் காட்டப்பட்ட, டெம்ப்ளர் தலைவர்களின் அறுபடாத பட்டியல் எனப்பட்ட ‘லார்மேனியஸ் சாசனம்’ போலி என்பதே ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. உண்மையான தொடர்ச்சியைத் தேடுகிறவர்கள் போர்ச்சுகலைப் பார்க்க வேண்டும். அங்கே மன்னர் தினிஸ் 1319இல் உருவாக்கிய ‘கிறிஸ்துவின் ஆர்டர்’ பழைய டெம்ப்ளர்களின் சொத்துகளைப் பெற்றது. மேசன்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: பிறகு இந்தத் தொடர்பு எங்கிருந்து வந்தது?

பதில்: 1736–37இல் பாரிஸில் ஸ்காட்லாந்துக்காரரான மேசன் செவாலியே ராம்சே எழுதிய ஓர் உரையிலிருந்து. மேசன்களின் மூதாதையர் சிலுவைப்போர் வீரர்கள் என்றார் அவர். டெம்ப்ளர் என்ற பெயரை அவர் எடுக்கவே இல்லை; சிலுவைப்போர் காலத்தின் இன்னொரு சபையான புனித யோவானின் வீரர்களைத்தான் குறிப்பிட்டார். டெம்ப்ளர் கதையை முழு அமைப்பாகக் கட்டியவர் ஜெர்மனியின் பாரன் ஃபான் ஹூண்ட். 1750களில் அவர் வளர்த்த ‘ஸ்ட்ரிக்ட் அப்சர்வன்ஸ்’, முகம் தெரியாத மேலதிகாரிகளின் ஆணைப்படி நடப்பதாகச் சொன்னது. 1776இல் ஹூண்ட் இறக்கும்வரை அந்த மேலதிகாரிகளில் ஒருவர்கூட வெளியே வரவில்லை.

1782இல் வில்ஹெல்ம்ஸ்பாடில் பிரன்ஸ்விக் கோமகன் ஃபெர்டினாண்ட் தலைமையில் கூடிய மாநாடு, நேரடி வாரிசு என்ற உரிமைகோரலைக் கைவிட்டது. இந்த ஆர்டரின் வரலாற்றில் மிகவும் நேர்மையான முடிவு இதுதான் என்போம். லியோனைச் சேர்ந்த வில்லெர்மோஸ் அமைத்த ‘ரெக்டிஃபைடு ஸ்காட்டிஷ் ரைட்’ அந்த முடிவின்மேல்தான் நிற்கிறது.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் வளர்ந்தது வேறொரு கிளை. நைட் டெம்ப்ளர் டிகிரி (சடங்கு வழியே பெறும் படி) வழங்கப்பட்டதற்கு இதுவரை அறிந்த மிகப் பழைய பதிவு, பாஸ்டனில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ராயல் ஆர்ச் லாட்ஜின் 1769 ஆகஸ்ட் 28 குறிப்பு. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க விடுதலைப் போராளி பால் ரிவியர் அங்கே அதைப் பெற்றார். இங்கிலாந்தில் 1791இல் தாமஸ் டங்கர்லி தலைமையில் தேசிய அமைப்பு வந்தது. அமெரிக்காவின் தேசிய டெம்ப்ளர் அமைப்பான கிராண்ட் என்கேம்ப்மென்ட் 1816இல்.

கேள்வி: எத்தனை படிகள்? எந்த வரிசையில்?

பதில்: பலரும் குழம்பும் இடம் இது. முதலில் லாட்ஜில் மூன்று டிகிரி: என்டர்டு அப்ரென்டிஸ், ஃபெலோ கிராஃப்ட், மாஸ்டர் மேசன். அடுத்து ராயல் ஆர்ச். இதற்கு அமெரிக்காவில் மார்க் மாஸ்டர், பாஸ்ட் மாஸ்டர், மோஸ்ட் எக்ஸலன்ட் மாஸ்டர், ராயல் ஆர்ச் என நான்கு கட்டம். அதன்பின் இருக்கும் கிரிப்டிக் கவுன்சில் டிகிரிகளைப் பல மாநிலங்கள் கட்டாயமாக்குவதில்லை. இவற்றில் கட்டாயமானவற்றைத் தாண்டியவரே கமாண்டரி எனும் டெம்ப்ளர் கிளையின் வாசலுக்கு வரலாம். இங்கிலாந்தில் அந்தக் கூட்டத்துக்குப் பெயர் ப்ரிசெப்டரி.

கமாண்டரி தருவது மூன்று ஆர்டர்கள். முதலாவது ரெட் கிராஸ். பெயரைக் கேட்டு இது சிலுவைப்போர்க் கதை என்று எண்ணிவிட வேண்டாம். களம் பாரசீக மன்னர் தாரியுவின் அவை, நாயகன் யூதத் தலைவன் செருபாபேல். மதுவா, மன்னனா, பெண்ணா, எது வலியது என்ற விவாதத்தில் உண்மையே எல்லாவற்றிலும் வலியது என்று வாதிட்டு வென்று, ஜெருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்ட அனுமதி பெறுகிறான். எஸ்ட்ராஸ் என்ற பழைய நூலிலிருந்து வந்த கதை. இரண்டாவது மால்டா. அப்போஸ்தலர் பவுல் கப்பல் உடைந்து மெலித்தா (மால்டா) தீவில் கரையேறியதும், விரியன் பாம்பு கையைப் பற்றியும் தீங்கின்றித் தப்பியதும் இதன் முன்கட்டத்தில் வரும். மூன்றாவது, சிகரமாக, டெம்பிள். இதில் வேட்பாளர் யாத்திரிகராக நுழைந்து வீரராக வெளியேறுகிறார். இங்கிலாந்தில் முதலில் டெம்பிள், பிறகு மால்டா; மேற்சொன்ன ரெட் கிராஸ் அங்கே டெம்ப்ளர் வரிசையில் இல்லை. அமெரிக்கப் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு ஆங்கிலேயச் சான்றிதழை ஆராய்ந்தால் கணக்கு இடறுவது இதனால்தான்.

‘ரெட் கிராஸ் ஆஃப் கான்ஸ்டன்டைன்’ முற்றிலும் தனி ஆர்டர். அதை 1865இல் இங்கிலாந்தில் ராபர்ட் வென்ட்வொர்த் லிட்டில் புதுப்பித்தார்.

கேள்வி: நைட் டெம்ப்ளர் என்பது மாஸ்டர் மேசனைவிட உயர்ந்த பதவியா?

பதில்: லாட்ஜுக்குள் இல்லை. இங்கிலாந்தில் இரு கிராண்ட் லாட்ஜ்கள் 1813இல் இணைந்தபோது, தூய பழைய மேசன்ரி என்பது ராயல் ஆர்ச்சை உள்ளடக்கிய மூன்று டிகிரிகள் மட்டுமே என்று எழுதி வைத்தார்கள். டெம்ப்ளர் போன்ற வீரர் ஆர்டர்களின் கூட்டங்களுக்குத் தடையில்லை என்றும் அதே விதி சொல்கிறது. ஆக, அவை பக்கக் கிளைகள். அமெரிக்காவில் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் ‘சர் நைட்’ என அழைப்பது உள்வழக்கு. அரசு தரும் பட்டம் ஆகாது.

கேள்வி: கிறிஸ்தவர் அல்லாதவர் சேரலாமா?

பதில்: லாட்ஜில் சேரலாம், பரம்பொருளில் நம்பிக்கை போதும். ராயல் ஆர்ச்சிலும் அப்படியே. டெம்ப்ளரில் முடியாது. இங்கிலாந்தில் திரித்துவக் கோட்பாட்டை ஏற்கும் கிறிஸ்தவராக இருக்க வேண்டும். அமெரிக்காவிலும் கிறிஸ்தவ நம்பிக்கைதான் அடிப்படை. விண்ணப்பம் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுத் தெளிவது இரு தரப்புக்கும் நல்லது. கத்தோலிக்கருக்கு இன்னொரு தடை உண்டு. மேசன்களாகச் சேரக் கூடாது என்று 1738இலிருந்து வரும் திருச்சபையின் விலக்கை வத்திக்கான் 1983இல் மீண்டும் உறுதி செய்தது.

கேள்வி: பழைய பொருள்களில் சிலுவையும் மண்டையோடும் பொறித்த வாள் ஒன்று கிடைத்தது. இடைக்காலத்து வாளா?

பதில்: பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து அமெரிக்கச் சடங்கு வாள். பிடியின் உச்சியில் தலைக்கவசம் அணிந்த வீரனின் தலை, கிரீடத்தினூடே செல்லும் சிவப்புச் சிலுவை, ‘இன் ஹாக் சிக்னோ வின்செஸ்’ (இந்த அடையாளத்தால் வெல்வாய்) என்ற லத்தீன் வரி ஆகியவை அடையாளங்கள். அலகின் அடிப்பகுதியில் தயாரிப்பாளர் பெயரைத் தேடுங்கள். ஏம்ஸ், லில்லி போன்றவை அடிக்கடி காணப்படும். அலகில் உரிமையாளரின் பெயரும் பொறித்திருக்கலாம். கமாண்டரியின் பதிவேட்டைத் தேட அதுவே வழி. உப்புத்தாள், உலோகப் பளபளப்புக் களிம்பு எதுவும் வேண்டாம். அலகின் வேலைப்பாடு மிக மெல்லியது. ஒருமுறை தேய்த்தாலே பெயர் அழிந்துவிடலாம். உலர்ந்த துணியால் துடைத்து, அலகில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்தால் போதும்.

கேள்வி: பணம் கட்டினால் டெம்ப்ளர் வீரர் பட்டம் தருவதாக இணையத்தில் விளம்பரம் வருகிறதே?

பதில்: அவை மேசன் ஆர்டரைச் சேர்ந்தவை அல்ல. மாஸ்டர் மேசனா, ராயல் ஆர்ச் பெற்றவரா என்று கேட்காத இடம் கமாண்டரியாகவோ ப்ரிசெப்டரியாகவோ இருக்க முடியாது. ஐயம் இருந்தால் அந்நாட்டு (அமெரிக்காவில் அந்த மாநில) கிராண்ட் லாட்ஜின் செயலரிடம் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை பணம் அனுப்ப வேண்டாம்.