மறு: உலக அழிவு வீடியோவை நம்பி அம்மா தம்பியை வகுப்புக்கு விடமாட்டேங்கிறாங்க

தங்கச்சி, "இந்த வருசத்தோட உலகம் முடியுது"ன்னு வீடியோ பார்த்துட்டு அம்மா தம்பியோட ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வகுப்பை நிறுத்திட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. திட்டாதீங்க, பயந்துபோயிருக்காங்க.

மாயன் நாட்காட்டி முடியுதுன்னு சொன்ன 2012 டிசம்பர் 21 ராத்திரி, அட்டன் பக்கம் எங்க தேயிலைத் தோட்ட லயத்துல அம்மாயி குப்பி லாம்பைக் கொளுத்தி வச்சு, என் கையைப் பிடிச்சபடியே விடியவிடிய உட்கார்ந்திருந்தாங்க. விடிஞ்சதும் கூடையை மாட்டிக்கிட்டு கொழுந்துக்குப் போனாங்க. அன்னைக்கு முடிஞ்சது மாயன் நாட்காட்டியோட 13வது பக்தூன்கிற காலச்சுற்று மட்டும்தான். அமெரிக்காவுல, இயேசு திரும்பி வருவார், உலகம் முடியும்னு சொன்ன வில்லியம் மில்லர்ங்கிற போதகரை நம்பி 1844 அக்டோபர் 22க்குக் காத்திருந்தவங்கள்ல சிலர் விளைச்சலைக்கூட எடுக்காம விட்டாங்க; அன்னைக்கும் உலகம் முடியல.

அம்மா கோயிலுக்குப் போறவங்கன்னா கலியுகக் கணக்கைச் சொல்லுங்க: மொத்தம் 4,32,000 வருசம், இன்னும் 5,200கூட ஆகல. தம்பியை நாளைக்கே அனுப்புங்க, அம்மாவும் கூடப் போகட்டும்.