பார்வை தெளிவாக இருந்தாலும் அம்மாவைக் கூட்டிப் போங்கள்

பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகத்தில்) எடுத்த கண் படத்தில் நீரிழிவால் வரும் விழித்திரை நோயின் ஆரம்ப மாற்றம் இருப்பதாகச் சொன்னார்கள், ஆனால் அம்மாவுக்குத் தேக்கா கடைத்தெருவில் தூரத்துக் கடைப் பலகைகூடத் தெளிவாகத் தெரிகிறது, கண் மருத்துவரிடம் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். போகத்தான் வேண்டும், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். இந்த நோய் வலிக்காது, ஆரம்பத்தில் பார்வையையும் தொடாது. சர்க்கரை பல வருடங்களாக விழித்திரையின், அதாவது கண்ணுக்குள் ஒளியை உணரும் திரையின், நுண்ணிய ரத்தக்குழாய்களைப் பலவீனமாக்கி, முதலில் சின்னச் சின்னப் புடைப்பும் கசிவும் வரும், அப்புறம் குழாய்கள் அடைபட்டு, ரத்தம் கிடைக்காத விழித்திரையில் எளிதில் உடையும் புதுக் குழாய்கள் முளைக்கும், அவை உடைந்து கண்ணுக்குள் ரத்தம் பரவும்போதுதான் சிலருக்கு விஷயமே தெரியவரும். விழித்திரையின் நடுப்பகுதி நீர் கோத்து வீங்குவதோ எந்தக் கட்டத்திலும் வரலாம்.

நீரிழிவுள்ளவர்களில் உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது ஏதோ ஒரு அளவில் இருக்கிறது, வருடம் ஏற ஏற வாய்ப்பும் ஏறும். ஆனால் எல்லாருக்கும் முற்றுவதில்லை. 1998இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களில் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு நுண்குழாய்ப் பாதிப்பு 25% குறைந்தது. ரத்த அழுத்தத்தையும் சேர்த்துக் கவனியுங்கள். திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். சரி, பரிசோதனை நாளில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், அம்மாவைத் தனியாக அனுப்பாமல் கூடவே போங்கள்.