வார்டில் பேச எந்த ஆங்கிலம் வேண்டும்?

கேள்வி: ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். இப்போது சென்னையில் பி.எஸ்சி. நர்சிங் முதலாம் ஆண்டு. தேர்வில் எப்படியோ எழுதிவிடுகிறேன். வார்டு போஸ்டிங்கில் ஹேண்ட் ஓவர் (ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வருபவரிடம் நோயாளியின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பது) சொல்லச் சொன்னால் வார்த்தையே வருவதில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா? ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதி வெளிநாடு போகும் ஆசையும் இருக்கிறது.

பதில்: அந்தப் பணத்தை இப்போதைக்கு மிச்சம் பிடியுங்கள். அங்கே இன்டர்வியூவுக்குப் பேசக் கற்றுத்தருவார்கள். 5ஆம் நம்பர் பெட்டில் இருக்கும் நோயாளியைப் பற்றிப் பேச யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

சீனியர் சிஸ்டர் ஒருவர் ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போது காது கொடுத்துக் கேளுங்கள். "பெட் ஃபைவ், சிக்ஸ்டி இயர்ஸ் மேல், போஸ்ட் ஆப் டே டூ (அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள்). நோன் டயாபெடிக். டெம்பரேச்சர் ஒன் நாட் ஒன், டிரெஸ்ஸிங் சோக்டு. டாக்டர் இன்ஃபார்ம்டு. ப்ளீஸ் ரிப்பீட் டெம்பரேச்சர் ஆஃப்டர் ஒன் அவர்." இதில் முழு வாக்கியம் என்று பார்த்தால் கடைசி ஒன்றுதான். மற்றதெல்லாம் துண்டு துண்டு. ஆனால் வரிசை தப்பவில்லை: இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நான் என்ன பார்த்தேன், அடுத்து என்ன செய்ய வேண்டும். எஸ்பார் (SBAR) என்று பாடத்தில் வருவது இதுதான். அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைக்கு வந்த முறை. தினமும் ஒரு நோயாளியை இந்த வரிசையில் ஹாஸ்டல் தோழியிடம் சத்தமாகச் சொல்லுங்கள். கிராமர் தானாகப் பின்னால் வரும்.

மருத்துவச் சொற்களை மொத்தமாக மனப்பாடம் செய்யாமல் பிரித்துப் படியுங்கள். இடிஸ் என்று முடிந்தால் அழற்சி, எக்டமி என்றால் அகற்றுவது, யூரியா (-uria) என்று முடிந்தால் பெரும்பாலும் சிறுநீர் சம்பந்தப்பட்டது.

கவனம் வேண்டியது காதில் ஒன்றுபோல விழும் இடங்களில். ஹைப்போ, ஹைப்பர் இரண்டையும் கடைசி அசை வரை அழுத்திச் சொல்லுங்கள்; சர்க்கரை 70க்குக் கீழே போனவருக்கும் 300க்கு மேலே ஏறியவருக்கும் வைத்தியம் நேரெதிர். போனில் ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று குழப்பம் வந்தால் "ஒன் ஃபைவ்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லிக் காட்டி உறுதி செய்யுங்கள். இன்சுலின் எழுதும்போது யூ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போடாதீர்கள். அது பூஜ்ஜியம் மாதிரித் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும். யூனிட் என்று முழுசாக எழுதுங்கள்.

அப்புறம், ஜிஹெச் ஆகட்டும், ஸ்டான்லி ஆகட்டும், நோயாளி பெரும்பாலும் தமிழில்தான் சொல்வார். "நெஞ்சு கரிக்குது" என்பதும் "நெஞ்சு அடைக்குது" என்பதும் ஒன்றில்லை. இரண்டுக்கும் செஸ்ட் பெயின் என்று எழுதினால் டாக்டருக்குப் பாதித் தகவல்தான் போகிறது. முதலாவது ஹார்ட்பர்ன், இரண்டாவது செஸ்ட் டைட்னெஸ். இப்படிக் கேட்பதை ஒரு சின்ன நோட்டில் ஜோடி ஜோடியாக எழுதி வாருங்கள். தமிழ் மீடியம் படித்தவர்களுக்கு இது கைவந்த வேலை.

ஓஇடிக்கு இப்போது அவசரம் இல்லை. மதிப்பெண் பொதுவாக 2 ஆண்டுதான் செல்லும். இறுதியாண்டில் தொடங்கினால் சரி. ரைட்டிங்கில் 45 நிமிடத்தில் ஒரு கடிதம், ஸ்பீக்கிங்கில் நோயாளியோடோ உறவினரோடோ பேசுவதுபோல 2 உரையாடல். இரண்டுமே நர்சிங் சார்ந்தவை. ஸ்பீக்கிங்கில் பெரிய மருத்துவச் சொற்களை அடுக்கினால் மதிப்பெண் குறையும். நோயாளிக்குப் புரியும் எளிய ஆங்கிலத்தில் விளக்கத்தான் அங்கே தெரிய வேண்டும்.