ஓடணும்னா யாரு முதல்ல ஓடணும்?

உட்லண்ட்ஸ்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: “அண்ணே, பால்டர்ஸ் கேட் 3 ஆனர் மோட்ல ஆடிட்டு இருக்கேன். சண்டை கை மீறிப் போச்சுன்னு தெரிஞ்சதும் ஓடலாம்னு பாத்தா ஓடவே முடியல, திரும்பினா முதுகுல அடி, ஃப்ளீ பட்டனும் வேலை செய்யல. நாலு பேரையும் எப்படி வெளிய கொண்டு வர்றது?”

தெரியாதவங்களுக்கு: இது நாலு பேரு குழுவ வச்சு, ஆளுக்கு ஒரு முறை (டர்ன்) மாத்தி மாத்தி சண்டை போடுற கேம்; ஆனர் மோட்ல தோத்தா பழைய இடத்துல இருந்து திரும்ப ஆட முடியாது; ஃப்ளீன்னா சண்டைய விட்டு தப்பி ஓடுற பட்டன். நாலு பேரையும் கொண்டு வரணும்னு நெனைக்கிறதுதான் தம்பி பிரச்சனையே. ஒருத்தர் தப்பிச்சா போதும். ஃப்ளீ பண்ண ஆளு கேம்ப்புக்கு போயிடுவாரு, அங்க இருக்கற விதர்ஸ்ங்கற ஆளுகிட்ட தலைக்கு 200 தங்கம் குடுத்தா செத்தவங்கள எழுப்பிக்கலாம். அதனால மூணு பேருக்கான 600 தங்கத்த, ஓடப்போற ஆளோட பையிலயே வச்சிருங்க.

அந்த பட்டன் ஏன் வேலை செய்யலைன்னா, எதிரி ரொம்ப பக்கத்துல இருந்தா அது வேலை செய்யாது. தூரமா போகணும், ஆனா நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு ஒரு டர்னுக்கு 9 மீட்டர்தான், எதிரிங்களுக்கும் கிட்டத்தட்ட அதேதான், நீங்க டேஷ் (அந்த டர்ன்ல ரெண்டு மடங்கு தூரம் ஓடறது) பண்ணா அவனும் டேஷ் பண்ணிட்டு வந்து பக்கத்துலயே நிப்பான். என்எஸ் (தேசிய சேவை) போனவங்களுக்கு தெரியும், பின்வாங்கும்போது பாதி பேரு சுட்டுட்டே இருப்பாங்க, பாதி பேரு நகருவாங்க. நம்மாளுங்க கேம்ல நாலு பேரையும் ஒரே நேரத்துல திருப்பிட்டு ஓட விடுவாங்க, அப்புறம் அடி விழாம என்ன பண்ணும்?

அந்த முதுகு அடிதான் ஆப்பர்சூனிட்டி அட்டாக், நாம விலகும்போது எதிரி தன் டர்ன் இல்லாமலே ரியாக்‌ஷனா அடிக்கிறது. இத சரியா புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. ஒரு எதிரிக்கு ஒரு ரியாக்‌ஷன்தான், அவனோட அடுத்த டர்ன் வர்ற வரைக்கும் அது திரும்ப வராது. அப்போ கேடயம் வச்சிருக்கற, ஏசி (ஆர்மர் கிளாஸ், அடி படாம தடுக்குற அளவு) அதிகமா இருக்கற ஆள முதல்ல நகத்துங்க, அந்த அடி அவரு மேல போகட்டும், பட்டாலும் சரி படாட்டியும் சரி, ரியாக்‌ஷன் காலி. அதுக்கப்புறம் விசார்ட் (மந்திரவாதி) அதே எதிரிய தாண்டி சும்மா நடந்தே போகலாம். இனிஷியேட்டிவ்ல, அதாவது டர்ன் வர்ற வரிசைல, உங்க ஆளுங்க அடுத்தடுத்து இருந்தாங்கன்னா யாரு முதல்லன்னு நீங்களே மாத்திக்கலாம், நிறைய பேரு இத கவனிக்கறதே இல்ல. ஷாக்கிங் கிராஸ்ப்ங்கற மந்திரம் பட்டாலும் அந்த எதிரிக்கு ரியாக்‌ஷன் கிடையாது.

ஜம்ப் பண்ணி தப்பிக்கலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, அது 2020 எர்லி ஆக்சஸ் (கேம் முழுசா வர்றதுக்கு முன்னாடி வந்த பதிப்பு) காலத்து கதை, அப்போ ஜம்பும் டிஸ்எங்கேஜும் (அடி வாங்காம விலகுறது) ஒண்ணா இருந்துச்சு. இப்போ குதிச்சாலும் அடி விழும். மிஸ்டி ஸ்டெப்ங்கற இடம் மாறுற மந்திரத்துக்கு விழாது, டர்ன்ல கூடுதலா கிடைக்கற போனஸ் ஆக்‌ஷன்தான், 18 மீட்டர், என்னை கேட்டா ஓடுற ஆளுக்கு இத விட நல்லது வேற இல்ல. ரோக் (திருடன் மாதிரி வகை) ஆளா இருந்தா லெவல் 2லயே டிஸ்எங்கேஜ் போனஸ் ஆக்‌ஷன்ல கிடைக்கும். லாங்ஸ்ட்ரைடர்ங்கற மந்திரம் நகர்ற தூரத்துல 3 மீட்டர் கூட்டித் தரும், சண்டைக்கு வெளிய போட்டா ஸ்லாட்டும் (மந்திரம் போடற எண்ணிக்கை) செலவாகாது, காலைல எழுந்ததும் எல்லாருக்கும் போட்டு விட்டுடுங்க.

ஆனா இதெல்லாம் இருந்தும் மாட்டிக்கிறோம், ஏன்னா லேட்டாதான் முடிவு எடுக்கறோம். இந்த கேம்ல ஒரே ஒரு ஹெச்பி (உயிர் அளவு) மிச்சம் இருக்கறவனும் ஃபுல் ஹெச்பி ஆளு மாதிரியே அடிப்பான், அதனால நம்ம நிலைமை மோசமாகுறது கண்ணுக்கே தெரியாது, திடீர்னு ஒரே ரவுண்டுல ரெண்டு பேரு விழுந்துடுவாங்க. மத்த மோட்ல எஃப்8 தட்டி லோட் பண்ணிட்டு போயிடுவோம், ஓடுற பழக்கமே நமக்கு வர்றதில்ல. ஆனர் மோட்ல ஒரே சேவ். என்னோட கணக்கு, முதல் ஆளு விழுந்து, அந்த ரவுண்டுலயே தூக்கி விட முடியலன்னா கிளம்பிடணும்.

இன்னும் சுலபமான வழி ஒண்ணு இருக்கு. பெரிய சண்டைக்கு முன்னாடி ஒருத்தர குரூப்ல இருந்து பிரிச்சு தூரமா நிறுத்திடுங்க. அவரு சண்டைக்குள்ளயே வரலைன்னா அவருக்கு டர்னும் இல்ல, ஃப்ளீ பட்டனும் தேவையில்ல. மூணு பேரா சண்டை போடணும், அது கஷ்டம்தான், ஆனா ஆனர் மோட்ல நான் அதைத்தான் பண்ணுவேன்.

வேற கேம் ஆடுறவங்களுக்கு: டார்கெஸ்ட் டஞ்சன்ல ஓட முயற்சி பண்ணாலும் ஃபெயில் ஆகலாம், தப்பிச்சாலும் ஸ்ட்ரெஸ் ஏறும். டிவினிட்டி ஒரிஜினல் சின் 2ல பால்டர்ஸ் கேட் மாதிரிதான், எதிரிகிட்ட இருந்து விலகினா ஃப்ளீ பண்ணலாம். பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டில எங்கேஜ்மெண்ட்னு ஒண்ணு இருக்கு, அத விட்டு விலகினாலே அடி, அங்கயும் தடியான ஆள முன்னாடி விடுங்க.