நகையைத் திருப்பி வச்சு கோர்ஸ் சேரலாமான்னு கேட்ட பெருந்துறை தம்பிக்கு

கேள்வி: வயசு 31, பிளஸ் டூ தான் படிச்சிருக்கேன். கம்பி கட்டுற வேலைல ஆரம்பிச்சு 9 வருஷத்துல சைட் சூப்பர்வைசர் ஆயிட்டேன். சம்பளம் 26,000, நகைக்கடன் வட்டி கட்டறதுக்கு முன்னாடி மாசம் 5,000 நிக்கும். கோயமுத்தூர்ல ஒரு சென்டர்ல வாராவாரம் ஞாயித்துக்கிழமை கிளாஸ் போயி என்விக்யூன்னு பிரிட்டன் தொழில் தகுதி, அதுல லெவல் 3 முடிச்சா லண்டன்ல வேலை நிச்சயம்னு மாமன் பையன் சொல்றான். ஃபீஸ் 2,50,000. பர்சனல் லோன் போடட்டுங்களா, இல்ல நகை மேலயே இன்னும் கொஞ்சம் வாங்கட்டுங்களா? தை மாசம் 80,000 சீட்டு பணம் வருது.

பதில்: தம்பி, கோர்ஸை அப்புறம் பார்ப்போம். உங்க லெட்டர்ல நடுவுல ஒரு வரி எழுதியிருந்தீங்க, அக்கா பொண்ணு சீருக்கு 1,00,000 வாங்குன நகைக்கடன் இப்ப 1,80,000-ல நிக்குதுன்னு. வருஷா வருஷம் வட்டிய மட்டும் கட்டி திருப்பி வைக்கறீங்க, வைக்கறப்பவே ஒரம்பரைல யாரோ கேட்டாங்கன்னு மேல கொஞ்சம் வாங்கிக்கறீங்க. உங்களை அழிக்கறது இதுதாங்க, மத்தது எதுவும் இல்ல. நூத்துக்கு ஒரு ரூபா வட்டின்னு வச்சா மாசம் 1,800, வருஷத்துக்கு 21,600 போகுது, அசல்ல அஞ்சு பைசா குறையல.

இது மேல பர்சனல் லோனா? 16 சதவீதத்துல 3 வருஷம்னா இஎம்ஐ சுமாரா 8,800, நகை வட்டியும் சேர்த்து 10,600, கையில இருக்கறது 5,000. மிச்ச 5,600-க்கு மறுபடி எந்த நகை இருக்குங்க? ஆப்புல அஞ்சு நிமிஷத்துல லோன் தர்றாங்கன்னு வேற எழுதியிருக்கீங்க, அந்தப் பக்கமே போயிராதீங்க.

என்விக்யூ நல்ல விஷயந்தான், தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அது பிரிட்டன்ல சைட்ல வேலை பார்த்துக்கிட்டே வாங்கற தகுதி. கிளாஸ்ல உக்காந்து பரீட்சை எழுதறது இல்ல, நீங்க செய்யற வேலையை அசெஸர், அதாவது மதிப்பிடறவர், நேர்ல பார்க்கணும், போட்டோ, சைட் ரெக்கார்டு எல்லாம் ஆதாரமா சேர்க்கணும், அதுக்கப்புறம்தான் சர்டிபிகேட். லெவல் 2-க்கு நீல கார்டு, லெவல் 3-க்கு கோல்டு கார்டுன்னு அங்க கட்டட வேலை செய்யறவங்க திறமையைக் காட்டற சிஎஸ்சிஎஸ் கார்டுக்கு அது உதவும், பெரிய சைட்ல பெரும்பாலும் அந்த கார்டு கேப்பாங்க. அதை வச்சு விசா கிடைக்காதுங்க, விசாவுக்கு அங்க ஒரு கம்பெனி ஸ்பான்சர் பண்ணோணும். ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல லெவல் 3-ன்னா, என்னோட வேலையை யார் எந்த சைட்ல வந்து பார்ப்பாங்கன்னு சென்டர்ல எழுத்துல கேளுங்க, அதுக்கு முன்னாடி ஒரு ரூபா கட்டாதீங்க.

உங்க 9 வருஷ அனுபவத்துக்கு இங்கயே பேப்பர் வாங்கலாம். ஆர்பிஎல்னு இருக்கு, ஏற்கனவே தெரிஞ்ச வேலையை சோதிச்சு சர்டிபிகேட் தர்றது, அரசு திட்டத்துல நடந்தா ஃபீஸ் கிடையாது, கம்பி கட்டறவங்க, மேஸ்திரி எல்லாருக்கும் இருக்கு. இல்லன்னா அகில இந்திய தொழிற்தேர்வை தனித்தேர்வரா எழுதலாம், வேலை பார்த்த இடத்துல அனுபவ சான்று வாங்கிட்டு போயி ஈரோடு அரசு ஐடிஐ-ல எந்த டிரேடு, எப்ப அப்ளிகேஷன்னு விசாரிங்க. செலவு சில நூறு ரூபாதான் வரும். அதுக்கும் முன்னாடி, தெரிஞ்ச காண்ட்ராக்டர் மூணு பேர்கிட்ட, இந்த பேப்பரோட வந்தா எத்தனை கூடத் தருவீங்கன்னு கேட்டுருங்க.

சீட்டு பணம் 80,000 அப்படியே நகைக்கடன் அசலுக்கு. பாக்கி 1,00,000, மாசம் 5,000 விடாம கட்டினா ரெண்டு வருஷத்துக்குள்ள நகை வீட்டுக்கு வந்துரும். சீட்டு பணம் இல்லாம அதே 5,000 கட்டினா கிட்டத்தட்ட நாலு வருஷம் ஆகும், வித்தியாசத்தைப் பாருங்க. மாமன் பையன்கிட்ட, நகை மீட்டப்புறம் பேசலாம்னு ஒரே வார்த்தைல முடிச்சுக்கோங்க, காரணம் சொல்ல ஆரம்பிச்சா அவன் பேச்சுல நீங்க கரைஞ்சிருவீங்க. பணம் கைக்கு வந்த அன்னிக்கே பேங்குல கட்டிட்டு ரசீது வாங்கிருங்க, அசல்ல வரவு வச்சிருக்காங்களான்னு கவுண்டர்லயே பார்த்துட்டு வாங்க.