டெல்டா-8 கம்மி: இன்னொன்று போடலாமா?

டெல்டா-8 (கஞ்சாச் செடியிலுள்ள ஒரு போதைப்பொருள்) 25 மி.கி. கலந்த கம்மி மிட்டாய் தின்று முக்கால் மணி நேரமாகியும் போதை ஏறவில்லை, இன்னொன்று போடலாமா என்று கேட்டிருக்கீங்க. போடாதீங்க. வயிறு வழியாகப் போவது ஏற 2 மணி நேரம்கூட ஆகும். இரண்டும் சேர்ந்தால் படபடப்பு, வாந்தி, குழப்பம்தான். இன்று வண்டியும் ஓட்டாதீங்க.

"ஹெம்ப்தானே (போதை குறைந்த கஞ்சாச் செடி வகை), கஞ்சாவைவிடப் பாதுகாப்பு" என்பது கடைக்காரரின் வியாபாரப் பேச்சு. செடியில் டெல்டா-8 மிகச் சொற்பம். அதே செடியிலுள்ள போதை தராத பொருளான சிபிடியை அமிலம் கொண்டு மாற்றித்தான் செய்கிறார்கள். சுத்திகரிப்பு சரியில்லையென்றால் கரைப்பானும் இன்னதென்று தெரியாத துணைப்பொருள்களும் கம்மியிலேயே தங்கிவிடும். அமெரிக்காவில் உரிமம் பெற்ற கஞ்சாக் கடைச் சரக்குக்குக் கட்டாயச் சோதனை உண்டு. இதற்குப் பல மாநிலங்களில் கிடையாது. உறையிலுள்ள தொகுதி எண்ணுக்கே உரிய ஆய்வறிக்கையில் கரைப்பான், கன உலோகச் சோதனை இருக்கிறதா பாருங்க. இல்லையென்றால் குப்பையில் போடுங்க.

வேலைக்கான சிறுநீர்ச் சோதனையில் இதுவும் கஞ்சா என்றே காட்டக்கூடும்.