மலத்தில் மாத்திரை முழுசாக வருகிறதே, மருந்து உடம்பில் சேர்கிறதா?

கேள்வி: எனக்கு 54 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் 500 மி.கி. சாதா மாத்திரை காலை, இரவு சாப்பிட்டு வந்தேன். அடிக்கடி வயிற்றுப்போக்கு ஆனதால் டாக்டர் போன மாதம் 1000 மி.கி. எஸ்.ஆர். (மருந்தை மெதுவாக வெளிவிடும்) மாத்திரைக்கு மாற்றி, இரவு ஒன்று போதும் என்றார். இப்போது சில நாள் மலத்தில் மாத்திரை அப்படியே வெள்ளையாகக் கிடக்கிறது. உடைத்துப் போட்டால் கரையுமா? இது கிட்னியைக் கெடுத்துவிடும் என்று தங்கை வேறு பயமுறுத்துகிறாள். நான் சுத்த சைவம்.
- வாசகி, காரைக்குடி

பதில்: நீங்கள் பார்த்தது மாத்திரையின் காலிக் கூடு. எஸ்.ஆர். மாத்திரையில் மருந்தை ஒருவகைப் பிசினோடு கலந்து அழுத்தியிருப்பார்கள். வயிற்று நீர் பட்டதும் சப்ஜா விதை போல அது ஊறிக் கொழகொழப்பாகும். மருந்து அதிலிருந்து பல மணி நேரம் சிறுகச் சிறுகக் கசியும். கசிந்து முடிந்த சக்கைதான் வெளியே வருகிறது. சந்தேகம் தீர வேண்டுமானால் வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பாருங்கள். மாத்திரை மாற்றி மூன்று மாதம் ஆனதும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை செய்யுங்கள். கடும் பேதியோடு மாத்திரை கெட்டியாகவே வந்து, சர்க்கரையும் ஏறினால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம். பொடித்தால் 1000 மி.கி.யும் ஒரே மூச்சில் இறங்கும். எந்த வயிற்றுப்போக்குக்காக மாற்றினார்களோ அதுவே திரும்ப வரும். விழுங்கச் சிரமமாக இருந்தால் 500 எஸ்.ஆர். இரண்டாக எழுதித் தரச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டின் நடுவிலோ முடித்த உடனேயோ போடுங்கள். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

தங்கையின் பயம் ஊரெல்லாம் இருப்பதுதான், ஆனால் தலைகீழானது. மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கட்டுப்படாத சர்க்கரைதான் கெடுக்கிறது. இந்த மருந்து உடம்பில் சிதையாமல் சிறுநீர் வழியே அப்படியே வெளியேறுவது. அதனால் கிட்னி ஏற்கெனவே தளர்ந்திருந்தால் ரத்தத்தில் தேங்கும். அபூர்வமாக லாக்டிக் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். கிரியாட்டினின் ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணைப் பாருங்கள்; கிட்னி எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதைக் காட்டுவது அது. 45க்கு மேல் இருந்தால் உங்கள் அளவு சரி. 30க்கும் 45க்கும் நடுவே என்றால் ஒரு நாளைக்கு 1000 மி.கி.யைத் தாண்டுவதில்லை. 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். வருடம் ஒரு முறை இதையும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தையும் பார்த்தால் போதும். எண் 60க்குக் கீழ் என்றால் அடிக்கடி.

வாந்தி பேதியால் தண்ணீர்கூடத் தங்காத நாட்களில் மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரிடம் பேசுங்கள். பழையபடி சாப்பிட ஆரம்பித்த பிறகு தொடரலாம். சாய மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுப்பதானால் மெட்ஃபார்மின் சாப்பிடுவதை முன்கூட்டியே அங்கே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று எனக்குக் கிட்னியைவிட முக்கியமாகப் படுகிறது: பி12. மெட்ஃபார்மின் நாள்பட, குடல் இந்த வைட்டமினை உறிஞ்சுவது குறையும். அசைவம் சாப்பிடாதவருக்குப் பாலும் தயிரும்தான் வரத்து, கையிருப்பே கொஞ்சம். பாதம் மரத்துப்போவதும் எரிவதும் பி12 குறைந்தாலும் வரும்; அதைச் 'சர்க்கரையால்தான்' என்று விட்டுவிடுகிறோம். ஆறு வருடம் ஆகிவிட்டதால் ஒரு முறை அளவு பாருங்கள். குறைந்திருந்தால் மாத்திரையோ ஊசியோ போதும்; மெட்ஃபார்மினை நிறுத்தத் தேவையில்லை.

கடைசியாக, அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் இருந்தால் லோ சுகர் ஆவது அரிது. கிளிமிப்பிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மருந்தும் சேர்ந்திருந்தால் கதை வேறு: அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரை போகும். அப்படிப்பட்ட மாத்திரை என்றால், சஷ்டி, ஏகாதசி என்று விரதம் இருக்கும் நாளில் அதை எப்படி எடுப்பது என்று முந்தின வாரமே உங்கள் டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.